அத்தியாயம் 5: நிறுத்திய பிறகும் நிற்காதவை

இந்த அத்தியாயம் வன்னியில் கருங்கல் உடைப்பவர்கள், கிரசர் ஓட்டுபவர்கள், கிரவல் அள்ளுபவர்கள், இவர்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிமார் ஆகியோருக்கானது. போகல, கஹட்டகஹ காரீயச் சுரங்கங்களைப் போல நிலத்துக்குள் இறங்கிச் செய்யும் வேலை நம் பகுதியில் இல்லை. எல்லாம் வெட்டவெளி வேலை. அதனாலேயே பலர் இதைச் சுரங்கத் தொழிலாக நினைப்பதில்லை. ஆனால் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கண்ணில் வவுனியாவில் கல் உடைப்பவரும் போகலவில் காரீயம் எடுப்பவரும் ஒரே தொழில்காரர்தான். இருவருக்கும் உரிமம் தருவது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம்.

2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு வன்னி முழுவதும் கல் கேட்டது. ஏ9 வீதி, அதிலிருந்து பிரியும் வீதிகள், இந்திய உதவியில் எழுந்த வீடுகள், ஓமந்தைக்கு வடக்கே மறுபடி போடப்பட்ட ரயில் பாதை என்று ஒவ்வொன்றுக்கும் சல்லி வேண்டியிருந்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் போய்ச் சேர்ந்தது. பூநகரிப் பக்கம் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில்தான் கருங்கல். அங்கே குவாரிகள் அவசரத்தில் முளைத்தன. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் பக்கத்தில் நின்று பார்த்துத் தொழில் பழகியவர்கள்.

எங்கள் மண்ணுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஷெல்லடிக்கு நடுவே பங்கருக்குள் இருந்து பிழைத்தவருக்கு ஒரு வோட்டர் ஜெல் வெடிமருந்துக் குச்சி பெரிய விடயமாகத் தெரியாது. அந்தத் துணிச்சலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குவாரியில் அது உதவாது. வெடி வைக்கும் அந்தச் சில நொடிகளில் எல்லாருமே கவனமாகத்தான் இருக்கிறார்கள். சத்தம் கேட்டு, புகை அடங்கி, "சரி, முடிஞ்சுது" என்று எழுந்து நடக்கும்போதுதான் கவனம் போகிறது. வெடிக்காமல் துளைக்குள் கிடக்கும் மருந்து, சுவிட்சை நிறுத்திய பிறகும் சுற்றும் சில்லு, கொம்பிரசர் நின்ற பிறகும் தாங்கிக்குள் இருக்கும் காற்று, போர் நின்ற பிறகும் மண்ணுக்குள் இருக்கும் குண்டு: இந்த அத்தியாயம் பெரும்பாலும் இவற்றைப் பற்றியது.

மண்ணைக் கிளறுவதற்கு முன்

புதிய காணியில் பெக்கோ இறங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். இந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றப்பட்டதா, எந்த ஆழம் வரை அகற்றப்பட்டது? முதல் பாதியை எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டாவது பாதியை யாரும் கேட்பதில்லை.

ஹலோ டிரஸ்ட், மாக் ஆகிய வெளிநாட்டு அமைப்புகளும், டாஷ், ஷார்ப் ஆகிய உள்நாட்டு அமைப்புகளும், இராணுவத்தின் பிரிவுகளும் இந்த மண்ணை அங்குலம் அங்குலமாகத் தேடியிருக்கின்றன. முகமாலையில் அவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. இலங்கை 2017 டிசம்பரில், கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி நாட்டிலுள்ள கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க 2028 ஜூன் 1 வரை கெடு. ஆனால் இந்தத் துப்பரவு வேலை, மக்கள் திரும்பி வந்து குடியிருக்கவும் பயிர் செய்யவும் ஏற்ற ஆழத்துக்குச் செய்யப்பட்டது. கிரவல் குழி அதைவிடப் பல மடங்கு ஆழம் போகும். மேலே துப்பரவான காணி அடியிலும் துப்பரவானது என்று துப்பரவு முடிந்ததற்கான பத்திரம் சொல்லவில்லை. மண்மேடு எழுப்பிய அரண்களும், மூடிய பங்கர்களும், புதைத்து வைத்த ஆயுதங்களும் இருந்த இடங்களில் இதை இரட்டிப்பாக நினைவில் வையுங்கள். 2010இல் நிறுவப்பட்ட தேசிய கண்ணிவெடி நடவடிக்கை மையத்திடம் அந்தந்தக் காணியின் பதிவு இருக்கும். பிரதேச செயலகம் வழியாகக் கேட்கலாம். பதிவோடு நிற்காமல், அந்த ஊரில் கடைசிவரை இருந்த ஒரு முதியவரிடமும் பேசுங்கள். பங்கர் எங்கே இருந்தது, ஷெல் எங்கே கூடுதலாக விழுந்தது என்பது அவருக்குத் தெரியும்.

பெக்கோவின் வாளியில் ஏதாவது தட்டுப்பட்டால், துருப்பிடித்த உருளையோ, செட்டை வைத்த குண்டோ, பச்சைப் பிளாஸ்டிக் வில்லையோ எதுவானாலும், வாளியை அசைக்காதீர்கள். மண்ணைக் கொட்டவும் வேண்டாம், பின்னுக்கு இழுக்கவும் வேண்டாம். இயந்திரத்தை நிறுத்தி, வாகனம் வந்த தடத்திலேயே நடந்து வெளியே வாருங்கள். தூரத்தில் நின்று தடி நட்டு ஒரு துணியைக் கட்டி, ஆட்களை மறியுங்கள். 119க்கு அழையுங்கள், கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். "ஓரமா எடுத்து வைச்சிட்டு வேலையைப் பார்ப்பம்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அன்றைக்கு அவரை வேலைத்தளத்திலிருந்து வெளியே அனுப்புவது மேற்பார்வையாளரின் கடமை. பழைய இரும்பு விலைக்குப் போகும் என்று சொல்பவரையும் கூடவே அனுப்பலாம்.

கிரவல் ஏற்றிய டிப்பர் போய்ச் சேரும் இடத்தையும் மறக்கக் கூடாது. குழியில் கண்ணில் படாதது ஒருவர் வீட்டு அத்திவாரத்தில் போய்க் கொட்டுப்படலாம். எந்த லோட் எந்தக் குழியிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், குழியில் ஒரு குண்டு அகப்பட்ட நாளில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது தெரியும்.

வெடிமருந்து: வந்து இறங்கும் நேரம்

2010 செப்டெம்பர் 17ஆம் திகதி மட்டக்களப்பு மாவட்டத்தின் கரடியனாறு பொலிஸ் நிலைய வளாகம் வெடித்துச் சிதறியது. வீதி வேலை செய்துவந்த சீன நிறுவனம் ஒன்று பாறை உடைப்பதற்காகக் கொண்டுவந்த வெடிமருந்து அங்கே கொள்கலன்களில் வைக்கப்பட்டிருந்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பொலிஸாரும் பொதுமக்களும் இரண்டு சீனர்களும் இருந்தார்கள். இதை ஒரு விபத்து என்று அரசு அறிவித்தது.

இலங்கையில் குவாரி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்தச் சம்பவத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வெடிமருந்தைப் பொலிஸ் நிலையத்தில் வைத்தால் களவு போகாது. ஆனால் களவு போகாத இடம் வெடிக்காத இடமாக இருக்க வேண்டும் என்றில்லை. ஆட்கள் வந்துபோகும் இடத்தில், வெயிலில் காயும் இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் அது யாருடைய காவலில் இருந்தாலும் ஒன்றுதான். துப்பாக்கியோடு ஒருவரை வாசலில் நிறுத்துவது ஒரு வேலை. ஆளில்லாத தூரத்தில், நிழலில், காற்றோட்டத்தில், மண் அணை எழுப்பி ஒரு களஞ்சியம் கட்டுவது இன்னொரு வேலை. இரண்டையும் செய்ய வேண்டும்.

ஏற்றி இறக்கும் நேரமும் தனி ஆபத்து. 2024 மே 1ஆம் திகதி தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில், காரியாபட்டிக்கு அருகே ஆவியூரில் ஒரு கல் குவாரியின் வெடிமருந்து அறை வெடித்தது. வாகனத்திலிருந்து மருந்தை இறக்கிக்கொண்டிருந்த நேரம் அது. மூவர் இறந்தார்கள். பெட்டிகளை எறியாமல், இழுக்காமல், உருட்டாமல் கைக்குக் கை மாற்றி இறக்க வேண்டும். வேலைக்குத் தேவையான ஆட்களைத் தவிர வேறு யாரும் அருகில் நிற்கக் கூடாது. இயந்திரத்தை நிறுத்த வேண்டும். கைத்தொலைபேசியும் தீப்பெட்டியும் வாசலிலேயே தங்கிவிட வேண்டும்.

டெட்டனேற்றரும் வெடிமருந்தும் ஒருநாளும் ஒரே அறையில் இருக்கக் கூடாது, ஒரே வாகனப் பெட்டியில் வரவும் கூடாது. வெடிமருந்து தனியே இருந்தால் அதைக் கிளப்புவது அவ்வளவு எளிதல்ல. டெட்டனேற்றர் தனியே இருந்தால் ஒருவரின் கை போகும், கண் போகும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கட்டிடமே போகும். மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் உரப்பையில் சுற்றிக் கொண்டுவருவதும், ஓட்டோவில் மரக்கறிக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவதும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டப்படி குற்றம். பாதையிலுள்ள ஒவ்வொரு பள்ளத்திலும் மடியில் வெடியோடு விழுந்து எழும் வேலையும்கூட அது.

குவாரி வெடிமருந்துக்குப் பயன்படும் அமோனியம் நைத்திரேற்று தனிக் கதை. பார்ப்பதற்கு உரம் போல இருப்பதால் அதை உரமாகவே நடத்துகிறார்கள். 2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று வெடித்ததை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதை டீசல் பரலுக்கும் கழிவு ஒயிலுக்கும் மரத்தூளுக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். அது இருக்கும் அறையில் வெல்டிங் வேலை கூடாது. சிந்தியதைக் கூட்டிப் புல்லுக்குள் தள்ளிவிடவும் கூடாது. உப்புச் சுவைக்கு மாடுகள் வந்து அதை நக்கும். நைத்திரேற்று நஞ்சில் மாடு நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறிச் சாகும். மழையில் கரைந்து பாறை வெடிப்புகள் வழியே கிணற்றில் சேர்ந்தால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. குடிநீரில் நைத்திரேற்றின் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை.

கணக்குப் புத்தகத்தை அலுவலகத்துக்காக மட்டும் எழுதாதீர்கள். காலையில் எடுத்தது, துளைக்குள் போனது, மாலையில் திரும்பியது ஆகிய மூன்றும் ஒவ்வொரு நாளும் பொருந்த வேண்டும். பொருந்தாத ஒரு குச்சி கடலுக்குப் போகும், அல்லது காட்டுக்குப் போகும். முல்லைத்தீவுக் கரையில் டைனமைட் போட்டு மீன் பிடிப்பவர்களுக்கும், பன்றிக்கு வெடி வைப்பவர்களுக்கும் மருந்து எங்கிருந்தோ கிடைக்கத்தானே செய்கிறது. பன்றிவெடியில் வாய் சிதைந்து பட்டினியால் சாகும் யானைக் குட்டிகளைக் கண்டவர்கள் வன்னியில் நிறையப் பேர். அந்தக் குச்சி என் குவாரிப் பெட்டியிலிருந்து போகவில்லை என்று சொல்ல உங்களுக்கு அந்தக் கொப்பி வேண்டும்.

காலாவதியான மருந்தையும், தொட்டால் எண்ணெய் போலக் கசியும் பழைய குச்சிகளையும் நீங்களே அழிக்கப் பார்க்காதீர்கள். கர்நாடகத்தின் சிக்கபல்லாப்பூர் மாவட்டத்தில் 2021 பெப்ரவரியில் ஒரு குவாரியின் ஜெலட்டின் குச்சிகளை இரவோடிரவாக அப்புறப்படுத்தப் போன ஆறு பேர் இறந்தார்கள். அழிக்கும் வேலையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள வெடிபொருள் கட்டுப்பாட்டாளரிடம் அறிவித்து, அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள். கணக்கில் வராத மருந்து கைவசம் இருப்பவருக்கு இது சிரமம்தான். அந்தச் சிரமம் வரக்கூடாது என்றால் கணக்கில் வராததை வாங்கக் கூடாது.

இடி, வெடிக்காத துளை, செம்மஞ்சள் புகை

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் வன்னியில் பின்னேர இடி வழக்கம். காலையில் வானம் வெளித்திருக்கும், இரண்டு மணிக்குக் கிழக்கே கறுக்கும், மூன்று மணிக்கு இடிக்கும். துளைகளில் மருந்து போடும் வேலையைப் பின்னேரத்துக்குத் தள்ளிப் போடுவது இந்த மாதங்களில் ஆகாது. காலையிலேயே போட்டு, மதியத்துக்குள் வெடிக்க வைத்துவிட வேண்டும். தூரத்தில் முதல் இடி கேட்டதும் வேலையை நிறுத்துங்கள். மருந்து போட்ட துளைகள் இருந்தால், வெடி நடக்கப்போவதுபோல எண்ணி எல்லாரும் பாதுகாப்பான தூரத்துக்குப் போய்விட வேண்டும். மின்னல் குவாரியிலேயே விழ வேண்டும் என்றில்லை. பக்கத்தில் விழுந்தாலே மின் டெட்டனேற்றர் கிளம்பும். மின்சாரமில்லாத வகை டெட்டனேற்றரும் இதற்கு விலக்கல்ல.

எல்லாரையும் வெளியேற்றும் தூரம் உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும். அதில் எதுவும் இல்லையென்றால் கூரையில்லாத இடத்தில் நிற்பவர் 300 மீற்றருக்கு உள்ளே இருக்கக் கூடாது. பாதையின் இரு பக்கமும் சிவப்புக் கொடியோடு ஆள் வேண்டும். விறகுக்கும் மாடு மேய்க்கவும் வந்தவர்கள் பற்றைக்குள் இருப்பார்கள். சங்கு ஊதுவது மட்டும் போதாது, பற்றைக்குள் போய்ப் பார்க்கவும் வேண்டும்.

வெடித்த பிறகு எத்தனை சத்தம் கேட்டது என்று எண்ணுபவர் ஒருவர் இருக்கட்டும். எட்டுத் துளைக்கு ஏழு சத்தம் என்றால், அல்லது எண்ணிக்கையில் சந்தேகம் என்றால், மின் டெட்டனேற்றருக்கு அரை மணி நேரமும் திரிக்கு ஒரு மணி நேரமும் யாரும் கிட்டப் போகக் கூடாது. திரி உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். பாறைத் தூசியால் மூடுண்டு, அணைந்ததுபோலக் காட்டும். பிறகு போகும்போதும் வெடி வைத்தவர் மட்டுமே போக வேண்டும். வெடிக்காத துளையிலிருந்து கம்பியைப் பிடித்து இழுப்பதும், அடைத்த மண்ணைத் தோண்டி எடுப்பதும், அதே துளைக்குள் மறுபடி துளையிடுவதும் மரணத்தை வலிய அழைப்பது. வெடித்த துளையின் அடியில் சில அங்குல ஆழத்துக்குக் குழி மிஞ்சும். அதில் மருந்து தங்கியிருக்கலாம். புதுத் துளை போடுபவர்களுக்கு அந்தப் பழைய குழி சுலபமான தொடக்கமாகத் தெரியும், ஜாக்ஹாமரின் முனை தானாகவே அதில் போய் உட்காரும். காலை வேலை தொடங்கும்போது அந்தக் குழிகள் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சுண்ணாம்பு வட்டம் போட்டு அடையாளமிடுங்கள். வட்டத்திலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் புதுத் துளை.

புகையின் நிறத்தையும் பாருங்கள். வெள்ளை அல்லது சாம்பல் நிறம் சாதாரணம். செம்மஞ்சளாக, செங்கல் நிறமாக எழும்பினால் அது நைதரசன் டைஒக்சைட்டு. மருந்து சரியாக வெடிக்கவில்லை, பெரும்பாலும் ஈரம் பிடித்திருக்கிறது என்று பொருள். அது பள்ளத்தில் தங்கும். அதைச் சுவாசித்தவர் அந்த நேரம் கொஞ்சம் இருமிவிட்டுச் சாதாரணமாக வீட்டுக்குப் போவார். இரவில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஆகவே அந்தப் புகைக்குள் அகப்பட்டவரை, அவர் "எனக்கு ஒண்டுமில்லை" என்று சொன்னாலும், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைக்கச் சொல்ல வேண்டும்.

கிரசர்

வெடிக்குப் பயப்படுபவர்கூடக் கிரசருக்குப் பயப்படுவதில்லை. கிரசர் நாள் முழுக்க ஓடுகிறது, அதன் சத்தம் வீட்டு மின்விசிறியைப் போலப் பழகிவிடுகிறது.

தாடைக் கிரசரின் வாயில் ஒரு பெரிய கல் குறுக்கே மாட்டிக்கொள்கிறது என்று வைப்போம். தாடை நின்றுவிடுகிறது. பெல்ட் வழுக்கிக் கருகிய மணம் வருகிறது. கீழே டிப்பர் காத்து நிற்கிறது. மேற்பார்வையாளர் கத்துகிறார்: "தம்பி, சுவிட்சை நிப்பாட்டிப்போட்டன், இறங்கிப் பாரும்." தம்பி அலவாங்கை எடுத்துக்கொண்டு வாய்க்குள் ஒரு காலை வைக்கிறார். கல்லுக்கும் தாடைக்கும் இடையில் அலவாங்கைக் குத்தி நெம்புகிறார்.

இந்த இடத்தில் கிரசருக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தாடையின் இரு பக்கமும் கனமான இரும்புச் சில்லுகள். அவை சுற்றும் வேகத்தில் சேர்த்து வைத்த விசைதான் கல்லை நொறுக்குகிறது. கல் மாட்டியபோது அந்த விசை முழுவதும் தீர்ந்துபோகவில்லை. தாடை கல்லை அழுத்திப் பிடித்தபடியே நிற்கிறது, சில்லு இழுத்துப் பிடித்த நிலையில் நிற்கிறது. மோட்டார் நின்றிருக்கிறது, சில்லு காத்திருக்கிறது. அலவாங்கு கல்லை அசைத்த கணத்தில் தாடை ஒரு முறை அடிக்கும். கல் மேல் நோக்கிப் பாயும், அல்லது அலவாங்கு சுழன்று அவருடைய தாடையிலோ நெஞ்சிலோ அடிக்கும், அல்லது கால் கீழே போகும். இதற்கெல்லாம் ஒரு நொடிகூட ஆகாது.

சரியான முறை இதுதான். முதலில் மேலே கல் கொட்டுவதை நிறுத்துங்கள். பிறகு மோட்டாரின் பிரதான சுவிட்சை இறக்கி, அதற்குப் பூட்டுப் போடுங்கள். டீசல் இயந்திரமாக இருந்தால் எரிபொருளை அடைத்து, பற்றரியின் கம்பியையும் கழற்றுங்கள். உள்ளே இறங்குபவர் யாரோ, பூட்டு அவருடையது. சாவி அவருடைய சட்டைப் பையில் இருக்க வேண்டும். இருவர் இறங்கினால் இரண்டு பூட்டு. ஒரு பூட்டுக்கு ஒரே சாவி, அலுவலகத்தில் இரண்டாவது சாவி கிடையாது. சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு அட்டையில் அவருடைய பெயரை எழுதித் தொங்கவிடுங்கள். அடுத்து, சில்லு அசையாதபடி சங்கிலியால் கட்டுங்கள், அல்லது மர ஆப்பு அடித்து முட்டுக் கொடுங்கள். அதற்குப் பிறகு ஸ்டாட்டரை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். ஒன்றும் அசையவில்லை என்றால்தான் கல்லில் கை வைக்கலாம். சிறு கற்களைக் கொக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, பெரிய கல்லைச் சங்கிலியில் கட்டிப் பெக்கோவால் மேலே தூக்குங்கள். அலவாங்கு கிரசருக்கு மேலே வரவே கூடாது. ஒரு சின்னத் துண்டு வோட்டர் ஜெல்லை வைத்துக் கல்லை உடைத்துவிடலாம் என்று சில இடங்களில் யோசனை சொல்வார்கள். கிரசர் வெடிமருந்து வைப்பதற்குச் செய்த இயந்திரம் அல்ல.

"இதெல்லாம் செய்தால் இருபது நிமிடம் போகும்" என்பார்கள். போகும். பூட்டின் விலை ஒரு டிப்பர் சல்லியின் விலையில் மிகச் சிறிய பங்கு. உங்கள் குவாரியில் தனிப்பட்ட பூட்டு இல்லையென்றால், இந்த அத்தியாயத்தில் மற்ற எதையும் செய்வதற்கு முன் அதை வாங்குங்கள்.

காற்று, ஒயில், கம்பி

ஜாக்ஹாமருக்கான காற்றின் அழுத்தம் பொதுவாக ஒரு சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அளவில் இருக்கும். கொம்பிரசரை நிறுத்தினாலும் தாங்கிக்குள் அது அப்படியே நிற்கும். குழாயைக் கழற்றுவதற்கு முன் வால்வைத் திறந்து காற்றை முழுக்க விடுங்கள், மானி பூச்சியத்துக்கு வந்ததைக் கண்ணால் பாருங்கள். இணைப்பு விட்டுப்போன குழாய் பாம்பாய்த் துள்ளி அடிக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சங்கிலி போட்டால் அது அந்த அளவோடு நிற்கும். வேலை முடிந்த நேரத்தில் உடம்பிலுள்ள தூசியைக் காற்றடித்துத் தட்டுவதை எல்லாக் குவாரிகளிலும் பார்க்கலாம். விளையாட்டாக ஒருவர் மீது ஒருவர் அடிப்பதும் உண்டு. கண் போகும், காது கிழியும், காயத்தின் வழியாகக் காற்று உடம்புக்குள் போனால் உயிரே போகும். குளிக்கும் தொட்டியை வேலைத்தளத்தில் கட்டிவிட்டால் இந்தப் பழக்கம் பாதி குறைந்துவிடும்.

பெக்கோவின் ஒயில் குழாயில் ஊசித் துளை விழுந்தால், ஒழுக்கைக் கையால் தடவித் தேடாதீர்கள். கடதாசி மட்டை ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் ஒரு புள்ளி மட்டும் தெரியும், வலியும் அதிகம் இராது. சில மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போகலாம். வைத்தியரிடம் "ஒயில் உள்ளே போயிருக்கு" என்று தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மருந்து கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

டிப்பரின் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு அடியில் வேலை பார்ப்பவர்கள், இரும்பு முட்டுக் கொடுக்காமல் தலையை உள்ளே நீட்டக் கூடாது.

வீதியோரம் போகும் உயரழுத்தக் கம்பியில் 33,000 வோல்ற்று இருக்கும். தூக்கிய பெட்டியோடு டிப்பர் அதற்கடியில் ஓடுவதைத்தான் நான் மிகவும் பயப்படும் காட்சி என்று சொல்வேன். கொட்டும் இடமும் கம்பியும் ஒன்றாக இருக்கக் கூடாது. தவிர்க்கவே முடியாது என்றால் கம்பியை நகர்த்தித் தரச் சொல்லி மின்சார சபையிடம் கேட்க வேண்டும். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் சாரதி உள்ளேயே இருக்கட்டும். வெளியே நிற்பவர்கள் பத்து மீற்றருக்கு அப்பால் போய், 1987 என்ற மின்சார சபையின் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். வாகனம் தீப்பிடித்தால் மட்டும் சாரதி இறங்கலாம். படியில் ஒரு கால் நிலத்தில் ஒரு கால் என்று வைக்காமல், இரு கால்களையும் சேர்த்து வெளியே குதித்து, கால்களைச் சேர்த்தபடியே தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும்.

தூசி

கருங்கல்லில் படிகக்கல் நிறைய உண்டு. அதன் நுண்தூசி நுரையீரலில் போய்த் தழும்பாகும். அந்த நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். அது மாறாது. வேலையை விட்டுப் போன பிறகும் வளரும், காசநோயையும் இழுத்து வரும். படிகக்கல் தூசியைப் புற்றுநோய் உண்டாக்குவதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது. கண்ணுக்குத் தெரியும் தூசி அவ்வளவு ஆபத்தானது அல்ல, அது மூக்கிலேயே நின்றுவிடும். வெயிலில் ஒளிரும், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத தூசிதான் உள்ளே போகிறது.

முகத்தில் கட்டும் துவாய் அதைத் தடுக்காது. துளையிடும்போது தண்ணீர் விடுங்கள், கிரசரின் வாயிலும் பெல்ட் விழும் இடத்திலும் தண்ணீர் தெளிக்கும் குழாய் போடுங்கள், வீதிக்குத் தண்ணி பவுசர் ஓட்டுங்கள். முகமூடி அதற்கு மேலதிகமான ஒன்று, என்95 வகை, முகத்தில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். வறட்சிக் காலத்தில் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். பழைய குவாரிக் குழியில் நிற்கும் மழைநீரே இதற்குப் போதும்.

குழியை விட்டுப் போகும்போது

மிச்ச வெடிமருந்தைக் கணக்குக் காட்டி ஒப்படையுங்கள். கழிவு ஒயிலைக் குழியில் ஊற்றாதீர்கள். கைவிட்ட குழி மாரியில் நிறைந்து, பிள்ளைகள் குளிக்கப் போகும் இடமாகிறது. சரிவான கரையும் வேலியும் அமைக்காமல் குழியை விட்டுப் போவது உரிம நிபந்தனையை மீறுவதாகும். கரையும் வேலியும் அமைத்த பிறகு, பிரதேச செயலகத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்து அவற்றைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் 1990 சுவசெரிய அம்பியுலன்சை அழையுங்கள், சேவை இலவசம். காயப்பட்டவரை டிப்பரில் ஏற்றிக் குலுக்கிக்கொண்டு போகாதீர்கள். வேலைத்தளத்தை அப்படியே விட்டுப் படம் எடுத்து வையுங்கள். நாட்கூலிக்கு வந்தவராக இருந்தாலும், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி அவருக்கோ அவருடைய குடும்பத்துக்கோ நட்டஈடு கேட்கும் உரிமை உண்டு. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தொழில் திணைக்கள அலுவலகங்கள் இருக்கின்றன. முதலாளி கொடுக்கும் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வெற்றுத் தாளில் கையெழுத்து வைப்பதற்கு முன், அங்கே போய் ஒரு முறை கேட்டுவிட்டு வாருங்கள்.